கண்ணீர் அஞ்சலிக்குக் கெட்டிமேளம்

தப்பு என்னுடையதுதான். லினக்ஸுடையது இல்லை. இதற்காக இன்றும் யாரோடும் மல்லுக்கு நிற்பேன்.

மின்வெட்டு கொடிகட்டிப் பறந்த 2008. உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வைரஸ் தொல்லை தாங்காமல் கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றினேன். முதலாளி அண்ணன் ஒரு மாதம் கெடு கொடுத்தார். "எவனாச்சும் ஒருத்தன் குறை சொல்லட்டும். அதையும் தூக்கிருவேன், உன்னையும் தூக்கிருவேன்."

அவருக்கு ஒரு வழக்கம். காலையில் வேலை தொடங்குமுன் டேப்பில் கெட்டிமேளம் ஓட வேண்டும். நான் சும்மா இருப்பேனா? அந்த மேளத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்ததும் தானாகவே ஓடும்படி ஒரு வரி எழுதி வைத்தேன்.

"சத்தம் பத்தலத்தா" என்றார். நுழையும்போதே ஒலியை முழுசாக ஏற்றிவிட இன்னொரு வரி. (எனக்கு மண்டைக்கனம் ஏறியதற்கு வரி எதுவும் தேவைப்படவில்லை.)

ஒரு மத்தியானம் நான்கு பேர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வந்தார்கள். அப்பாவின் போட்டோவை நீட்டும்போதே மகன் அழுதுவிட்டார். பாதி வேலையில் கரண்ட் போனது. வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன். கெட்டிமேளம் முழங்கியது.

பதறிப்போய் ஒலியை அடியோடு குறைத்தேன். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். லினக்ஸ் தெரிந்தவள் ஒயரைப் பிடுங்குவதா என்ற வீம்பு. பத்தே நிமிடத்தில் மறுபடி கரண்ட் போய் வந்தது. இரண்டாவது வரி சொன்ன சொல் தவறாமல் ஒலியை உச்சத்துக்கு ஏற்றியது. மறுபடியும் மேளம்.

முதலாளி எழுந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

மகன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அறுபதாம் கல்யாணம் வச்சுக்கலாம்னோம். வெட்டிச் செலவுன்னாக எங்கப்பா. இப்ப மேளம் கேட்டுட்டுத்தான் போறாக" என்றார். சிரித்தார். பிறகு தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன்.

போகும்போது முதலாளியிடம், "அண்ணே, இந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீக" என்றார்.

வேலை தப்பியது, லினக்ஸும் தப்பியது. அந்த வரிகளை அழிக்கச் சொன்னார் முதலாளி. மாட்டேன் என்றேன். (ஆனால் அன்றிலிருந்து கரண்ட் வந்தால் முதலில் ஒயரைப் பிடுங்கினேன்.)

இரண்டு வரிகளும் இன்று என் லேப்டாப்பில் இருக்கின்றன. அதைத் திறக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து ஒரு பிடி அரிசியோடு வந்து என் தலையில் போடுகிறார். போட்டுக்கொள்ளட்டும். வீடு கூட்டுவது அவர்தான்.