நாச்சியம்மாவின் ஊளைக்கு ஒரு பெயரடை

ஒரு காட்டில், பதிவு அலுவலக வரிசையில் நின்றிருந்த முள்ளம்பன்றி பின்னால் நின்ற கீரியிடம் சொன்னது: "என் மனு 'மற்றவை'யில விழுந்துடுச்சுப்பா. மூணு மழைக்கு முன்னால. இருக்கா செத்துச்சான்னு ஒரு தகவல் இல்ல. அது தீராம அதே விஷயத்துல வேற யாரு மனுவும் வாங்க மாட்டாங்களாம்."

கீரி உச்சுக் கொட்டியது. ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த பூரணியின் காதிலும் அது விழுந்தது.

பூரணி ஒரு சருகுமான். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே இலைக்குவியலுக்குள் பதுங்கிக்கொள்கிற இனம். ஆனால் அந்தக் காட்டில் கல்லூரி வரை போய் ஆங்கிலம் படித்தவள் அவள் ஒருத்திதான். அதனால் வெளியூர் வார்த்தை கலந்து வருகிற புகார்களெல்லாம் அவள் மேசைக்கே வரும்.

அன்று வந்த புகார் மயில் தோகையப்பருடையது. அவர் காலைக் கூட்டுப்பாடல் மன்றத்தின் தலைவர். தினமும் விடியலில் நாற்பத்தொரு பேர் பெரிய பாறைமேல் ஏறிப் பாடுவார்கள். தோகையப்பர் நடுவில் நின்று தோகையை விரிப்பார். அவருடைய குரலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தோகையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

பாறைக்குக் கீழே ஒரு வளையில் நரி நாச்சியம்மா குடியிருந்தாள். இரை தேடப் போனவள் திரும்பி வருவதும் அதே விடியலில்தான். வளையில் இருக்கும் மூன்று குட்டிகளுக்கும் கண் திறந்து நாலு நாள்கூட ஆகவில்லை. பயப்படாமல் இருக்கட்டும் என்று மேட்டுக்கு அப்பாலிருந்தே ஒரு ஊளை விட்டுக்கொண்டு வருவாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

புகாரில் ஒரே ஒரு வரி இருந்தது. "மேற்படி நரியின் ஊளை டிஸ்கார்டன்ட்." அந்த வார்த்தையை ஏதோ ஒரு விழா மேடையில் கேட்டு, பிடித்துப்போய், எப்போது பயன்படுத்தலாம் என்று தோகையப்பர் காத்திருந்தார்.

பூரணி அதைத் தமிழாக்கிக் கணினியில் ஏற்ற வேண்டும். திரையில் ஒரு பெட்டியைத் தட்டினால் பட்டியல் இறங்கும். 'ஒத்துப்போகாத' என்று தேர்ந்தெடுத்தால் ஒரு அறிவுரைக் கடிதம் போகும். 'சுருதி விலகிய' என்றால் மன்றத்தில் ஆறு மாதப் பயிற்சி. 'முரண்பட்ட' என்றால் விசாரணை. 'நாராசமான' என்றால் மூன்று நாளில் வளையைக் காலி செய்து ஆற்றுக்கு அக்கரை போய்விட வேண்டும். அக்கரையில் செந்நாய்கள் இருந்தன. பட்டியலின் அடியில், எதிலும் சேராதவற்றுக்காக, 'மற்றவை'. அந்தப் பிரிவுக்கு இன்றுவரை அதிகாரி யாரும் நியமிக்கப்படவில்லை.

"எல்லாம் ஒரே அர்த்தம்தானேம்மா, எதையாவது போடு" என்பார் கண்காணிப்பாளர் மாசிலாமணி. அவர் உடும்பு. பதினாறு வருஷமாக அந்த நாற்காலியை விட்டதில்லை.

ஒரே அர்த்தம் இல்லை என்று பூரணிக்குத் தெரியும். ஒத்துப்போகாமல் இருக்க முதலில் ஒரு கூட்டம் வேண்டும். முரண்பட எதிரில் இன்னொருவர் வேண்டும். சுருதி விலக ஒரு சுருதி வேண்டும். நாராசத்துக்கு மட்டும் எதுவுமே வேண்டாம், கேட்பவருக்குப் பிடிக்காமல் இருந்தால் போதும். கல்லூரியில் இதைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். இங்கே ஒரு வரிகூடச் சொன்னதில்லை.

மதியம் நாச்சியம்மா வரிசையில் நின்று வந்து ஜன்னலில் மூக்கை வைத்தாள்.

"கண்ணு, என் பேருக்கு நேரா என்னமோ எழுதப் போறீங்களாமே?"

பூரணி தலையை ஆட்டினாள்.

"எழுது, வேணாங்கல. குட்டிங்க நடக்க இன்னும் இருபது நாளாவது ஆகும். அது வரைக்கும் தாங்கற மாதிரி ஒரு வார்த்தையாப் பாத்துப் போடு தாயி."

பூரணி மறுநாள் விடியலில் அலுவலகத்தின் சுருதிமானியை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையடிப் புதரில் உட்கார்ந்தாள். சுருதி சேர்ந்தால் பச்சையும் விலகினால் சிவப்பும் எரிகிற சின்னக் கருவி அது.

சில்வண்டு சுருதி பிடித்தது. பச்சை. நாற்பத்தொரு பேரும் பாட ஆரம்பித்தார்கள். சிவப்பு. தோகையப்பர் தனியாக ஒரு இழுப்பு இழுத்தார். கருவி சிவப்பாக எரிந்து, சூடாகி, அவள் குளம்புக்கு அடியில் நடுங்கியது. மேட்டுக்கு அப்பாலிருந்து நாச்சியம்மா ஊளையிட்டாள்.

பச்சை. மூன்று முறையும் பச்சை.

பூரணி அதை ஒரு தாளில் எழுதி மாசிலாமணியின் மேசையில் வைத்துவிட்டு, அவர் நிமிர்வதற்குள் தன் இடத்துக்கு வந்துவிட்டாள். பத்து மணிக்குக் கூட்டம் கூடியது.

"இந்த டப்பாவுக்கு சங்கீதம் தெரியுமா?" என்றார் தோகையப்பர். "இதுவரைக்கும் எத்தனை கச்சேரி கேட்டிருக்கு?"

"அதானேங்கய்யா" என்றார் மாசிலாமணி. "டப்பா ஒண்ணு. நீங்க நாப்பத்தோரு பேரு. நாப்பத்தோரு பேரும் சேந்து விலகினா அதுக்குப் பேரு விலகலா? மரபுங்க."

"அப்போ விலகினது யாரு?"

"சுருதியில நின்ன நரிதாங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். கருவியைப் பழுதுபார்க்க அனுப்புவது என்று ஒருமனதாக முடிவானது. மாசிலாமணி பூரணியின் பக்கம் திரும்பினார்.

"படிச்ச பொண்ணு, நீயே இப்படிப் பண்ணலாமா? அஞ்சு மணிக்குள்ள வார்த்தையை ஏத்திடு. ஐயா 'நாராசமான'னு பிரியப்படறார். நீ ஏதாவது சொல்லணுமா?"

தோகையப்பர் தோகையை விரித்தார். அதிலிருந்த அத்தனை கண்களும் அவளைப் பார்த்தன.

"ஒண்ணும் இல்லீங்க சார்" என்றாள்.

நாலரை மணிக்கு முள்ளம்பன்றி மறுபடியும் ஜன்னலுக்கு வந்தது. "இன்னிக்காவது ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"இல்லீங்க."

"அந்த 'மற்றவை'யை யாரும்மா பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள் பூரணி. சொல்லிவிட்டுத் திரையில் பட்டியலை மறுபடி அடிவரை இறக்கினாள்.

"என்னம்மா, ஏத்தியாச்சா?" உள்ளேயிருந்து மாசிலாமணி குரல் கொடுத்தார்.

"ஏத்திட்டே இருக்கேங்க சார்."

அவள் 'மற்றவை'யைத் தட்டினாள். விளக்கம் எழுதவும் என்று ஒரு வெள்ளைப் பெட்டி திறந்தது. கல்லூரியில் எழுதிய பன்னிரண்டு பக்கத்தில் ஞாபகம் இருந்தவரை, ஒத்துப்போகாததில் ஆரம்பித்து நாராசம் வரை அத்தனையும் அடித்து முடித்து, ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சமர்ப்பித்துவிட்டுக் கணினியை அணைத்தாள்.

நீதி: நல்லவர்களுக்காக வாதாடாதீர்கள், அவர்களுடைய கோப்பைத் தொலைத்துக் கொடுங்கள்.