தொண்ணூற்றெட்டு சதவீதம்

காலையில் எழுந்து பார்த்தபோது மத்தியாஸின் போன் மறுபடியும் செத்துக் கிடந்தது. படுக்கும்போது நூறு சதவீதம். அதன்பின் தொடவே இல்லை.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் அவருக்கு ஐஸ் வண்டி. மீன் வள்ளம் கரையை நெருங்கும்போது, விடியற்காலை நாலு மணிக்கு, வள்ளக்காரர் வேளாங்கண்ணி போன் செய்வார். ஐஸோடு போய் நிற்க வேண்டும்.

போனைத் தூக்கிக்கொண்டு தக்கலைக்கு ஓடினார்.

“ராத்திரி படம் பாப்பீங்களா மாமா?” என்று கேட்டாள் போன் கடைக்காரி ஜெஸ்மி.

“நான் போடுற குறட்டையில எந்தப் படம் கேக்கும்? பாட்டரி எறங்கப்பிடாது. அவ்வளவுதான்!”

லொக்கேஷன், புளூடூத், பின்னால் ஓடிய ஆப்கள் எல்லாவற்றையும் அவள் அணைத்தாள். மறுநாள் மத்தியாஸ் எழுந்தது ஆறரைக்கு. போன் அன்றும் பிணம்.

“ரெண்டு நாளா ஆஃப்! மீனை உமக்க தலையிலயா வைக்க?” என்று கத்தினார் வேளாங்கண்ணி. “நாளைக்கும் லைன் கிடைக்கலேன்னா தேவகுமாருக்க ஐஸ் வண்டிதான் ஓய்.”

மத்தியாஸ் தக்கலைக் கடையில் போனை மேசைமேல் எறிந்தார். ஜெஸ்மிக்கும் கோபம் வந்தது. புது பாட்டரி போட்டாள்.

“படுக்கும்போ இந்த ஏரோபிளேன் படத்தை அமுக்குங்க. எறங்கிச்சுன்னா கடையையே எழுதித் தாறேன்.”

குவைத்தில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த மனைவி ரீத்தா, வழக்கம்போல அன்று ராத்திரியும் நெட்டில் கூப்பிட்டாள். “அங்கயாவது உங்களுக்க குறட்டை இல்லாம உறங்குவேன்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவள். பேச்சு முடிந்ததும் போனைத் தலையணை அருகே கவிழ்த்து வைப்பது அவர் வழக்கம். கூப்பிட்டவள்தானே துண்டிக்க வேண்டும்? அன்று மட்டும் விமானப் படத்தை அமுக்கிவிட்டுக் கவிழ்த்தார்.

காலையில் தொண்ணூற்றெட்டு சதவீதம்! ஐந்து மணிவரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அழைப்பு வரவில்லை. துறைமுகத்துக்குப் போனால், தேவகுமார் ஐஸ் இறக்கி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார் மத்தியாஸ்.

“எனக்க பிழைப்பே போச்சு ஏட்டி!”

“கால் வரணும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஏரோபிளேன் மோட்ல கால் எப்படி வரும்?” ஜெஸ்மி போனைப் பிடுங்கி விமானப் படத்தை அமுக்கினாள். உடனே மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

குவைத்திலிருந்து மருமகன் அனிஷ். அவன் குரலில் அவரைவிடக் கோபம்.

“மாமா, நேத்து எதுக்கு போனை ஆஃப் பண்ணினீங்க? தினமும் விடிய விடிய உங்களுக்க குறட்டையைக் காதுல வச்சுத்தான் மாமி உறங்குவாவ. நேத்து அவங்களும் உறங்கல, எங்களையும் உறங்க விடல!”