அத்திச்சள்ளை ரோட்டில் நூறு வண்டி

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி ஆகியும் அத்திச்சள்ளை ரோட்டில் ஒரு லாரியைக்கூடக் காணோம். குப்பண்ணன் ரோட்டின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தார்.

மற்ற நாளென்றால் இந்நேரத்துக்கு இருபது, முப்பது பறந்திருக்கும். பொள்ளாச்சியிலிருந்து தேங்காயும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போகிற லாரிகள் அவை. பள்ளிக்கூட வாசலில் ஆரனை அமுக்குவார்களே தவிர பிரேக்கைத் தொடமாட்டார்கள். போன மாதம் ஒருவன் குப்பண்ணனின் கிடாரிக் கன்றை அடித்துப் போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். கன்று விழுந்த அதே இடத்தைத் தாண்டித்தான் அவர் மகள் கமலாத்தாள் தினமும் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால், லாரிகள் வேகத்தைக் குறைக்கிற மாதிரி ரோட்டில் இரண்டு மேடு போடச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு மனு எழுதினார். ஒன்றல்ல, பதினோரு மனு. பதினொன்றாவதைப் பார்த்ததும் தலைவர் இறங்கி வந்தார்.

"வியாழக்கிழமை எங்க கிளார்க் வந்து உக்காந்து எண்ணுவாரு. பொழுது சாயறதுக்குள்ள நூறு வண்டி போச்சுன்னா மேடு உண்டு. இல்லீன்னா இந்தப் பேச்ச உட்ருங்க."

நூறுதானே என்று குப்பண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். இப்போது நாச்சம்மாள் டீக்கடையில் நின்று வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு லாரி ஸ்ட்ரைக்குங்ளே, தெரியாதுங்ளா? நேத்தே ரேடியோவுல சொன்னாங்க" என்றாள் நாச்சம்மாள்.

"இதைய நேத்தே எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நேத்து நீங்க டீக்குடிக்க வரலீங்ளே."

அந்த நேரம் பார்த்து மீனாட்சிபுரம் பக்கமிருந்து ஒருவர் நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கக்கத்தில் குடை, கையில் நீள நோட்டு. நாச்சம்மாளிடம் மலையாளத்தில் கேட்டுவிட்டு, டீக்கடைப் புளியமரத்தடியில் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து ரோட்டைப் பார்த்தார்.

குப்பண்ணன் வீட்டுக்கு ஓடினார். "அம்மிணி, மோரக் கலக்கு. பஞ்சாயத்துக்காரர் வந்துட்டாரு."

அவர் மனைவி ராமாத்தாள் எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை விசாரிக்கிறவள். "அவருதானான்னு கேட்டீங்ளா?"

"நாக்குல தண்ணி படாத மனுசங்கிட்ட நீ ஆரு, எதுக்கு வந்தேன்னு கேக்கறதா? நம்மூட்டுப் பழக்கமா அது?"

அது உண்மைதான். வந்தவர் வயிறு நிறைந்து கைகழுவுவதற்கு முன்னால் வந்த காரியத்தைக் கேட்பது அந்த ஊரில் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி. தவிர, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கேரள எல்லைக்குள் இருக்கிற தமிழ் ஊர் அது; பேனாவோடு வந்து மலையாளம் பேசுகிறவர் சர்க்கார் ஆள் என்பதில் அத்திச்சள்ளையில் யாருக்கும் எந்தக் காலத்திலும் சந்தேகம் வந்ததில்லை.

வந்தவர் மோரை ஒரே மூச்சில் குடித்தார். "இந்த வழியில ஆள்போக்கு உண்டோ?" என்று கேட்டார்.

"நல்லாக் கேட்டீங்க. நின்னு மூச்சுடறதுக்கு எடமிருக்காதுங்க."

அவர் ரோட்டைப் பார்த்தார். ஒரு நாய் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தது. அவர் எதையும் எழுதவில்லை.

இனி தாங்காது என்று குப்பண்ணன் மைத்துனன் அப்புசாமியைப் பிடித்தார். "மாப்ள, பால்வண்டியப் பூட்டு. ரோட்டுல போயி, வாய்க்கா மேட்டு வழியாச் சுத்தி, மறுக்கா வா."

பால்வண்டி கடகடவென்று போனது. பெஞ்சுக்காரர் நிமிர்ந்தார். "வண்டியில எத்ர ஆளு?"

"ஒருத்தருதானுங்க."

உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு கோடு போட்டார். குப்பண்ணனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆளில்லாத வண்டியை இவர் வண்டியாகவே மதிக்கவில்லை. மறுசுற்றில் அப்புசாமி பால்கேனை இறக்கிவிட்டு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு வந்தான். பெஞ்சுக்காரர் முகம் மலர்ந்தது. குனிந்து நிறைய எழுதினார்.

அவ்வளவுதான், ஊரே கிளம்பிவிட்டது. ஒன்பது கட்டைவண்டி, மூன்று பேர் தொற்றிய சைக்கிள்கள், களையெடுக்கப் போன பெண்களை அப்படியே அள்ளிப் போட்டுக்கொண்டு வந்த டிராக்டர். எல்லாம் ரோட்டில் போகும், தென்னந்தோப்புக்குப் பின்னால் வளையும், வாய்க்கால் மேட்டில் ஏறி மறுபடி ரோட்டுக்கு வரும். ஒரே முகத்தை எத்தனை தடவை காட்டுவது? இரண்டாவது சுற்றில் தலைப்பாகையை அவிழ்த்தார்கள். மூன்றாவதில் மாற்றிக் கட்டினார்கள். நாலாவதில் அப்புசாமி அக்காவின் பழைய சேலையை முக்காடு போட்டு மீசையை மறைத்துக்கொண்டு வந்தான். பெஞ்சுக்காரர் அந்த அம்மாளுக்கு மரியாதையாகக் கும்பிடுகூடப் போட்டார்.

"எப்பவும் இங்ஙனெதானோ?" என்று கேட்டார், கண்ணில் சந்தோஷம் வழிய.

"இன்னிக்குக் கொஞ்சம் கொறவுங்க" என்றார் குப்பண்ணன்.

பதினொரு மணிக்கு மேல் எதற்காகச் சுற்றுகிறோம் என்பதே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. யார் முந்துவது என்பதுதான் பேச்சு. பண்டிகையில்கூட அந்த ஊரில் இத்தனை கும்மாளம் கண்டதில்லை. மாட்டின் வாலை முறுக்குகிறவனும், டிராக்டரை மறிக்கிறவனும், விழுந்து எழுந்து ஓடுகிறவனுமாக ரோடு புழுதியில் மறைந்துபோனது.

அந்தப் புழுதிக்குள்தான் மத்தியான மணி அடித்தது. கமலாத்தாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். முக்காடு கண்ணை மறைத்த அப்புசாமி, டிராக்டரை முந்துகிற வெறியில் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தான். பிள்ளை ஒரே தாவலாகப் பள்ளத்தில் குதித்தது. சிலேட்டின் மேல் சக்கரம் ஏறியது.

குப்பண்ணன் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. மகளைத் தூக்கித் தலை, கை, கால் என்று தடவினார்.

"எங்கண்ணு, எங்காச்சும் அடிபட்டுச்சா சாமி?"

"லாரிக்காரனாச்சும் ஆரன் அடிப்பாம்ப்பா. மாமன் அதுங்கூட அடிக்கலே."

அந்த நிமிஷமே எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனால் விரல்விட்டு எண்ணி வந்ததில் எண்பத்தேழு வண்டிதான் ஆகியிருந்தது. இதோடு விட்டால் நாளைக்கு லாரி வரும், மேடு வராது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார்.

"இன்னும் பதிமூணு. நடைக்கு மேல ஒருத்தன் ஓட்டுனாலும் காலை ஒடிச்சுப் போடுவேன்" என்றார்.

பதின்மூன்றும் ஊர்ந்து போயின. நூறாவது வண்டி போனதும் குப்பண்ணன் மெதுவாகப் பெஞ்சுக்குப் பின்னால் போய் நோட்டை எட்டிப் பார்த்தார். அடியில் நானூற்று முப்பத்தாறு என்று கூட்டியிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழைபாழைகள் கேட்கிறார்களே என்று தாராளமாகக் கூட்டிப் போடுகிற இப்படியொரு கிளார்க்கைச் சும்மா அனுப்புவதா? கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

ராமாத்தாள் அரிசியும் பருப்பும் ஆக்கி, நெய்யை ஊற்றி வைத்தாள். விருந்தாளி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கமலாத்தாள் உடைந்த சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேளுங்க, இப்பவாச்சும் கேளுங்க" என்று ராமாத்தாள் கண்ணால் ஜாடை காட்டினாள். குப்பண்ணன் பொறு என்று கையைக் காட்டினார். விருந்தாளி எழுந்தார். கைகழுவினார். வெற்றிலை போட்டார்.

குப்பண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏனுங்க, மேடு எப்பங்க போடுவீங்க?" என்று கேட்டார்.

"எந்த மேடு?" என்றார் அவர்.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. பஞ்சாயத்து பியூன் ஏசுரத்தினம் ஒரு காலை ஊன்றி நின்றபடியே கூப்பிட்டான். "குப்பண்ணோவ், கிளார்க்குக்கு நேத்திருந்து காய்ச்சலுங்க. இன்னிக்கு வரமாட்டாரு. வர்ற வியாழக்கெழமை வந்து எண்ணறேன்னு சொல்லச் சொன்னாரு."

சைக்கிள் போய்விட்டது. ராமாத்தாள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப நீங்க ஆருங்க?" என்றார் குப்பண்ணன்.

விருந்தாளி நோட்டைப் பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஞான் பஸ் முதலாளியோட ஆளாக்கும். புதுசா பஸ் விட எந்த வழியில ஆள் உண்டுன்னு பார்க்க வந்தது. இனி சந்தேகமே இல்ல கேட்டோ. திங்கட்கிழமை முதல் உங்க ஸ்கூல் வாசல் வழியா தினம் இருபது எக்ஸ்பிரஸ், நம்ம டிரைவர்மாரு போற வேகத்தைப் பார்த்தா லாரிக்காரனே பயந்து ஒதுங்கி நிப்பான்."