மேடை பார்த்த நாற்காலி

வாழிய நிவேந்திரன்! புக்கிட் ரம்பாய்த் தொழிற்சாலைகளின் புகைக்குழாய்கள் நாள்தோறும் எட்டிப் பார்த்து நலம் விசாரிக்கும் வரிசைவீட்டுக் கோமகன், சமக்குறி தேய்ந்த கால்குலேட்டரைக் கேடயமாகவும் மூடி தொலைந்த பேனாவை வேலாகவும் ஏந்தியோன், சென்ற பருவத்துப் பெரும்போரில் முப்பத்தொரு மார்க் பெற்றும் முகத்தில் ஒரு சுருக்கமும் இன்றிக் கேன்டீனில் மீ கோரேங் இரு தட்டு உண்டெழுந்த நெஞ்சுரத்தோன் வாழிய! அவன் புகழைப் பாடத் தொடங்குமுன், மூன்றாம் எண்ணில் மட்டுமே சுழன்று ஒன்றாம் எண்ணில் முனகி நின்றுவிடும் கூரை விசிறித் தாயே, நீயே எமக்குக் காப்பு. இக்காவியம் முடியும் வரையேனும் கரண்டு போகாதிருப்பதாக.

போரின் காரணம் கூறுவாம். டிஸ்கிரிட் மேத்ஸ் என்றும் நிகழ்தகவு என்றும் இரட்டைத் தலை கொண்ட ஒரு பேப்பர் இருந்தது. ஒரு தலையை வெட்டினால் மற்றது சிரிக்கும். அதனிடம் ஒருமுறை வீழ்ந்த நம் வீரனுக்குத் திங்கட்கிழமை மறுதேர்வு. அதிலும் வீழ்ந்தால் கல்லூரியின் இரும்புக் கதவு வெளிப்பக்கமாகவே அவனுக்குத் திறக்கும். அவ்வாறு வெளியே விழுபவனைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ள ஒருவர் ஏற்கெனவே கை நீட்டி நின்றார் என்பதுதான் இக்காவியத்தின் பேரச்சம்.

அவரே பெரியப்பா பாலகிருஷ்ணன். நியாலாஸ் செம்பனைக் காடுகளின் நடுவே வீற்றிருப்பவர், குடும்பத்தின் மூத்தவர், எந்தக் கல்யாணத்திலும் பிரியாணிக்கு உப்பு போதாது என்பதை அண்டா திறக்கும் முன்பே அறியும் நாவுடையவர். வெள்ளிக்கிழமை இரவு அவருடைய போன் வந்தது.

“டேய் நிவேன், நம்ம ஆளு ஒருத்தன் கையுறை பெக்டரில சூப்பர்வைசரா இருக்கான். சொல்லி வெச்சிட்டேன். உனக்கு யூனிபார்ம் சட்ட சைஸு எல்லா, எக்ஸ்எல்லா?”

“பெரிப்பா, நான் இன்னும் எக்ஸாமே எழுதல.”

“அதான்டா முந்தியே கேக்குறேன். அப்புறம் சைஸ் கெடைக்காது.”

அச்சொல் கேட்ட கணமே, கொல்லனின் உலைபோல் நெஞ்சு கொதித்த நிவேந்திரன், சனிக்கிழமை மதியச் சோறு செரிக்கும் முன்பே சமையலறை மேசையைப் போர்க்களமாக அறிவித்துப் பழைய கேள்விகளின் தொகுப்பைத் திறந்தான். முதல் ஆறு கேள்விகளும் அவன் வேகத்தின் முன் வாழைத்தண்டாய்ச் சரிந்தன. சிவப்புப் பந்தும் நீலப் பந்தும் நிறைந்த பைக்குள் கைவிட்டு வேண்டிய நிறத்தை வெளியே இழுத்தான். ஐம்பத்திரண்டு சீட்டும் அவன் முகம் கண்டு தாமே கலைந்து தாமே அடுக்கிக்கொண்டன. புறாக்களைக் கூண்டுகளில் ஒவ்வொன்றாக அடைத்து, மீந்த ஒரு புறா “எனக்கு இடம் இல்லையே” என்று கதறியதையும் பொருட்படுத்தாது இரண்டாகத் திணித்துப் பக்கத்தைப் புரட்டினான். அங்கேதான் நின்றது ஏழாம் கேள்வி.

பார்வைக்குச் சாதுவான கேள்வி. எண்மர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவர்களுள் இருவர் அடுத்தடுத்து அமர மறுக்கின்றனர். எத்தனை வகைகளில் அமரலாம்? அவ்வளவே. எண்களுக்கு அருகே ஆச்சரியக்குறி போட்டு, அவை வாய்பிளந்து நிற்கும்போதே பெருக்கித் தள்ளும் அக்கலையில் தேர்ந்த நம் வீரன், எட்டுக்கும் ஆறுக்கும் ஆச்சரியக்குறி இட்டு, பெருக்கி, கழித்து, இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு என்னும் கொழுத்த விடையைக் கொம்பைப் பிடித்து இழுத்துவந்து கட்டினான். கட்டிவிட்டுப் புத்தகத்தின் பின்பக்கக் கோட்டையில் ஒளிந்திருக்கும் விடைப் பட்டியலைத் திறந்தான்.

மூவாயிரத்து அறுநூறு என்றது பட்டியல்.

மீண்டும் போட்டான். இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு. கால்குலேட்டரைத் தலைகீழாகத் தட்டி, பேட்டரியை நக்கிப் பார்த்து, மீண்டும் போட்டான். அதே கொழுத்த எண் அதே இடத்தில் அசைபோட்டு நின்றது. அப்போது சமையலறை அதிர அவன் செய்த பிரகடனம் இது: “இந்த புக்க அடிச்சவனுக்குக் கணக்குத் தெரியல!”

இடி முழங்கிய திசையில் திரும்பினாள் சுசீலா, நிவேந்திரனின் தாய். மூத்த மகள் தேவிஸ்ரீக்கு அடுத்த மாதம் கல்யாணம். கல்யாணத்தன்று மாலை மலாக்கா டவுன் மண்டபத்தில் டின்னர். மேடைக்குக் கீழே மேசை மேசையாய் வட்டமிட்டு உறவினரை உட்கார வைக்கும் மாபெரும் படை வகுப்பு அவள் ஒருத்தியின் தலைமேல் இருந்தது. சாம்பல் என்னும் மிளகாய்த் தொக்குக்கு வெங்காயம் உரித்தபடியே அவள் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆகவே மகன் கேள்வியை வாசித்ததும், தன் துறையில் கை வைத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

“யாரு யாரு பேச மாட்டாங்க?”

“தெரியல மா. கேள்வில பேரு போடல.”

“பேரு தெரியாம எப்பிடிடா உக்கார வெப்ப?” என்றவள், ஒரு எவர்சில்வர் தட்டை மேசை நடுவே வைத்து, அதன் விளிம்பைச் சுற்றி எட்டு வெங்காயங்களை அமர்த்தினாள். ஏழு சின்னவை. ஒன்று மட்டும் பம்பாய் வெங்காயம், செந்நிறத் தோல் பளபளக்க, வயிறு தள்ளி. அது பெரியப்பா. எதிரே சற்றே முளைவிட்ட ஒன்று தஞ்சோங் கிளிங் தேவன் மாமா. சென்ற தீபாவளிக்கு, பெரியப்பாவின் கார் வெளியேற முடியாதபடி வாசலில் தன் காடியைக் குறுக்கே நிறுத்திவிட்டு மாமா தூங்கிப்போனார். அன்று முதல் இருவருக்கும் பேச்சு இல்லை. மற்ற ஆறு வெங்காயமும் பொதுவான உறவு, எங்கே வைத்தாலும் சாப்பிடும்.

பின் சுசீலா ஐஸ் தண்ணீர் போத்தலை எடுத்துத் தட்டுக்கு வடக்கே நிறுத்தினாள். “இது ஸ்டேஜு. இந்த நாற்காலி ஸ்டேஜ நேராப் பாக்குது. இதுல மூத்தவருதான் உக்காரணும். ஒரு சீட்டு தள்ளி வெச்சேன்னு வையி, சோத்துல கைய வெக்காம காடிய எடுத்துட்டு நியாலாஸுக்குப் போயிருவாரு. ஸ்டேஜுக்கு முதுகு காட்டுற சீட்டு சின்னப் பசங்களுக்கு. இந்தா, தட்டு தூக்கிட்டு வர்ற வழி. இங்க உக்காந்தவன் சட்டையில கொழம்புதான்.”

கேட்டான் வீரன், கேட்டுச் சிலிர்த்தான். தான் போட்ட கணக்குச் சரி என்பதற்கு இதைவிட வேறு சாட்சி ஏது! எட்டு நாற்காலியும் எட்டு விதி. பெரியப்பா ஓர் இடம் நகர்ந்தால் அது வேறு டின்னர், வேறு சண்டை, வேறு தீபாவளி. எட்டு வெங்காயங்களையும் வாள்வீரர்போல் வரிசை கெடாமல் ஒவ்வோர் இடமாக நகர்த்தினான். ஒவ்வொரு நகர்வுக்கும் சுசீலா “ஐயோ, கோவிச்சுக்குவாரு!” என்று போர்முரசு கொட்டினாள். ஏழு நகர்விலும் ஏழு விதமாகக் கோபித்துக்கொண்ட பம்பாய் வெங்காயத்தைக் கண்டபின் மூவாயிரத்து அறுநூறு என்னும் விடை நம் வீரனுக்குக் குடும்ப நிந்தனையாகவே பட்டது.

வெறி தணியாது அடுத்த உட்கேள்விக்குத் தாவினான். அவ்வெண்மரும் குலுக்கல் முறையில் அமர்ந்தால், பேசாத இருவர் அடுத்தடுத்து அமரும் நிகழ்தகவு யாது?

“பூஜ்யம்” என்றாள் சுசீலா, வெங்காயத்திலிருந்து கண் எடுக்காமல்.

அவன் பூஜ்யம் என்று எழுதினான். பின்பக்கம் ஏழில் இரண்டு என்றது.

“ஏழுல ரெண்டா? யாரு சொன்னது? அந்தத் தீபாவளிக்கு வந்து பாத்தானா அவன்?” என்று சீறினாள் சுசீலா.

தாயும் மகனும் ஒருபுறம், அச்சடித்த விடைகள் மறுபுறம் என்று படைகள் பிரிந்து, வெங்காய மணம் புகைபோல் எழுந்து இருபக்கக் கண்களும் நீர் சொரிய, விசிறித் தாய் மேலே “கடக், கடக்” என்று பறை அறைய, நடுவே பெரியப்பா அசையாது அமர்ந்திருந்த அந்த அரிய வேளையில், வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் மணப்பெண் தேவிஸ்ரீ. பல் கிளினிக்கில் அரை நாள் வேலை முடித்து, வெயிலில் வதங்கி, தொண்டை காய்ந்து வந்தவளுக்கு மேசைமேல் பனித்துளி வழிய ஒரு போத்தல் தெரிந்தது. எடுத்தாள். அண்ணாந்தாள். மடமடவென்று குடித்தாள்.

“அலாமாக்! ஸ்டேஜத் தூக்கிட்டாடா!” என்று அலறினாள் தாய்.

“எந்த ஸ்டேஜு?” என்றாள் மகள், வாயைத் துடைத்தபடி. கதை முழுவதும் இரு குரலில் ஒரே நேரத்தில் அவளுக்குச் சொல்லப்பட்டது. புத்தகத்தை இழுத்து ஏழாம் கேள்வியை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். “கேள்வில ஸ்டேஜ் எங்கடா இருக்கு?”

உலகம் நின்றது. விசிறி மட்டும் நிற்கவில்லை. நிவேந்திரன் கேள்வியின் சொற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பார்த்தான். மேசை இருந்தது. எண்மர் இருந்தனர். கோபம்கூட இருந்தது. மேடை இல்லை. தட்டு வரும் வழி இல்லை. மெல்ல எவர்சில்வர் தட்டைப் பிடித்துச் சுழற்றினான். வெங்காயங்கள் எண்மரும் தேரில் அமர்ந்த தேவர்போல் சுற்றி வந்தனர். பெரியப்பாவின் வலப்பக்கத்தில் இருந்தவர் வலப்பக்கத்திலேயே இருந்தார்; இடப்பக்கத்தவர் இடப்பக்கத்திலேயே இருந்தார்; மாமா எதிரேயே முறைத்தார். மேடை போனபின் வட்டத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. எட்டு வேறு வேறு டின்னர் என்று அவன் எண்ணியது ஒரே டின்னர், எட்டு முறை. கொழுத்த எண்ணை எட்டால் வகுத்தான். கொழுப்பெல்லாம் வடிந்து மூவாயிரத்து அறுநூறு எழுந்து நின்று அவனை வணங்கியது.

“அப்ப யாரு ஸ்டேஜப் பாப்பாங்க?” என்று சுசீலா மட்டும் சமாதானமாகாமல் கேட்டாள். கேட்டபடியே எட்டு பேரையும் அள்ளிக்கொண்டு போய் சாம்பலுக்கு நறுக்கினாள். முதலில் பெரியப்பா.

எஞ்சிய கண்ணீரைத் தோளில் துடைத்த நம் வீரன் அன்றே ஓர் ஆணை பிறப்பித்தான்: இனி எண்மரைக் காணும் இடமெல்லாம் பெரியப்பாவை ஓர் இருக்கையில் ஆணி அடித்து அசையாமல் உட்காரவைப்பேன், மற்ற எழுவரை மட்டுமே எண்ணுவேன், இது சத்தியம். ஞாயிறு முழுதும் அச்சத்தியத்தைச் சோற்றோடு பிசைந்து உண்டு, குளியலறையில் முழங்கி, திங்கட்கிழமைத் தேர்வு மண்டபத்துள் யானைமேல் ஏறியவன்போல் நுழைந்து, கேள்வித்தாளில் ‘எண்மர்’ என்றும் ‘இருவர் அடுத்தடுத்து அமர மறுக்கின்றனர்’ என்றும் கண்ட கணமே மேற்கொண்டு ஓர் எழுத்தும் வாசியாது ஓங்கி ஆணி அடித்து மூவாயிரத்து அறுநூறு என்று பொறித்து, பந்துகளையும் சீட்டுகளையும் புறாக்களையும் ஒருங்கே அடக்கி, வாரங்கள் சில கழிந்து முடிவு வெளியான அன்று நாற்பத்தொரு மார்க் என்னும் வாகை சூடி, “சட்ட வேணாம் பெரிப்பா, பாஸாயிட்டேன்” என்று நியாலாஸ் திசை நோக்கிப் போனில் சங்கு ஊதினான் நிவேந்திரன், வாழிய அவன் கொற்றம்!

அந்தக் கேள்விக்கு மட்டும் பூஜ்யம், ஏன்னா அதில் எட்டுப் பேரும் நீள பெஞ்சில் வரிசையா உட்கார்ந்திருந்தார்கள்.