குரூடாயில் ஆத்தாவின் கார்

கோயமுத்தூரில் அந்தக் காலத்தில் கார் வாங்க வந்தவர்கள் எல்லாரும் காரைப் பார்த்து மிரண்டார்கள். காரே மிரண்டது ஒரே ஒருவரைப் பார்த்துத்தான். அவர்தான் குரூடாயில் ஆத்தா.

டீசல் என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் புழக்கத்தில் இல்லை. குரூடாயில் என்றால்தான் புரியும். தொண்டாமுத்தூர்ப் பக்கம் முதன்முதலாகத் தன் கிணற்றுக்குக் குரூடாயில் இஞ்சின் வைத்தவர் இந்த ஆத்தா. புருஷன் காலமான பிறகு, கமலை கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மாடுகளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, சீமையிலிருந்து வந்த இஞ்சினைத் தோட்டத்தில் உட்கார வைத்தார். அதன் சத்தம் கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும் என்பார்கள். யானை வந்தால் மற்ற தோட்டக்காரர்கள் தகரம் தட்டுவார்கள். ஆத்தா இஞ்சினை ஓட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். யானை கேட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

நான் அப்போது டவுனில் ஒரு மோட்டார் கம்பெனியில் கார் விற்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். விற்கும் வேலை என்று பெயர். சேர்ந்ததிலிருந்து ஒன்றுகூட விற்கவில்லை. மேனேஜர் தினமும் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். மதராஸ்காரர். மேல்நோக்கி முறுக்கிவிட்ட மீசை. ஆத்தா கார் பார்க்க வரப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், "அந்த அம்மாவுக்கு இந்தச் சின்னக் காரை வித்துக் காட்டு. இல்லேன்னா ஊருக்குப் போய்ச் சேரு" என்று சொல்லியிருந்தார்.

ஆத்தா இரண்டு வண்டி பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்து இறங்கினார். மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், சித்தப்பா முறையில் ஒரு கிழவர். வாசலில் பளபளவென்று நின்ற சின்ன பெட்ரோல் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங் தம்பி, இது என்ன குடிக்கும்?"

"பெட்ரோலுங்க."

"குரூடாயில் ஊத்துனா?"

"ஓடாதுங்க."

"எங்க தோட்டத்து இஞ்சின் ஓடுதே?"

"அது வேற இஞ்சினுங்க. குரூடாயில்ல ஓடற காரு சீமையிலயே இப்பத்தான் செய்யறாங்களாம். இங்க வர ரொம்ப நாளாகும்."

ஆத்தா கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இதுல எத்தனை பேரு போலாம்?"

"நாலு பேருங்க."

"நாங்க பதினோரு பேரு. நாலு பேரு ஏறிப் போனா மிச்சம் இருக்கறவங்க ஊட்ல குந்தி அழுகறதுங்களா?"

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. பெட்ரோலின் மகிமையைச் சொல்லத் தொடங்கினார். ஆத்தா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு இரண்டு கொட்டாங்கச்சி கேட்டார். ஒன்றில் பெட்ரோல். மற்றதில், வண்டியில் கையோடு கொண்டு வந்திருந்த குரூடாயில். தீக்குச்சியைக் கிழித்துக் குரூடாயிலில் போட்டார். குச்சி முங்கி அணைந்தது. அடுத்த குச்சியைக் கிழிக்கும்போது, "அம்மா, வேண்டாம்மா!" என்று குனிந்து தடுக்கப் போனார் மேனேஜர். அதற்குள் பெட்ரோலிலிருந்து குபீரென்று எழுந்த தீ அவர் மீசையின் இடது பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"பாத்தீங்களா?" என்றார் ஆத்தா, கருகிய பக்கத்தைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே. "என்ற பேரக்கொழந்தைங்களை இதும் மேல உக்கார வெச்சா நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறது? மஞ்சளும் வெளக்கெண்ணெயும் கொழச்சுப் போடுங்க. ஆறிப்போயிரும்."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். ஆனால், நீலகிரியில் ஒரு தோட்டத் துரை விற்றுவிட்டுப் போன பழைய பெரிய காரை ஆத்தா வாங்கினார். மேலே துணிக்கூரை, மூன்று வரிசை இருக்கை, இஞ்சின் செத்துப் போயிருந்தது. அதே சமயம் சத்தியமங்கலம் பக்கத்தில் ஒரு லாரி பள்ளத்தில் விழுந்து, உடம்பெல்லாம் நொறுங்கி இஞ்சின் மட்டும் பிழைத்திருந்தது. அது குரூடாயில் இஞ்சின். இரண்டையும் உக்கடத்தில் சூசை மேஸ்திரியின் பட்டறைக்குக் கொண்டுபோய், "இதை அதுக்குள்ள வெச்சுக் குடுங்க" என்றார் ஆத்தா. சூசை மேஸ்திரி சிலுவை போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

அந்தக் கார் வெளியே வந்த நாளை உக்கடத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குளத்துக் கொக்குகள் கூண்டோடு கிளம்பிப் போயின. இரண்டு ஆள் சேர்ந்து கைப்பிடியைச் சுற்றினால்தான் இஞ்சின் கிளம்பும். கிளம்பினால் நெல் மில் ஒன்று புறப்பட்டு வருவதுபோல வரும். உள்ளே உட்கார்ந்து "வணக்கம்" என்றால் "வ-வ-வ-ணக்-க-க-கம்" என்றுதான் வெளியே வரும். தயிர்ப்பானையை மடியில் வைத்துக்கொண்டு தொண்டாமுத்தூரில் ஏறினால் டவுன் வருவதற்குள் வெண்ணெய் திரண்டுவிடும். நடு வரிசையில் ஆத்தா ராணி மாதிரி உட்கார்ந்திருப்பார். பதினோரு பேரில் ஒருவர் குறைந்தாலும் வண்டியை நகர விடமாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மூத்த மருமகள் பாவாத்தாளின் தம்பிக்குப் பெருந்துறையில் கல்யாணம் வந்தது. எங்கள் கொங்கு நாட்டில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் வந்து இணைச்சீர் என்ற சடங்கைச் செய்யாமல் தாலி கட்ட மாட்டார்கள். பாவாத்தாள் முந்தின நாளே போயிருக்க வேண்டியவள். ஆத்தா விடவில்லை. "காரு இருக்கறப்ப என்ன பயம்? விடியக்காத்தால பொறப்பட்டா முகூர்த்தத்துக்கு முன்னாடியே எல்லாரும் ஒண்ணா எறங்கிப்போடலாம்" என்றுவிட்டார். அதிர்ந்து பேசத் தெரியாத பெண் பாவாத்தாள். தலையை ஆட்டிவிட்டாள்.

சேதி எங்கள் மேனேஜர் காதுக்கு வந்தது. "அது வழியில நிக்கத்தான் போறது. நீ சின்னக் காரை எடுத்துண்டு பின்னாடியே போ. நின்ன இடத்திலேயே வித்துட்டு வா!" என்று என்னை அனுப்பினார்.

போனேன். அந்தப் பெரிய காரின் புழுதியையும் புகையையும் விழுங்கிக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனேன். ஆத்தாவின் கார் நிற்கவில்லை. அவினாசியில் என் கார்தான் நின்றது. ஊர்ந்தே வந்ததில் சூடேறி, முன்மூடியிலிருந்து ஆவி பறந்தது.

முன்னால் போன கார் நின்றது. ஆத்தா தலையை நீட்டினார். "என்னுங் தம்பி, உங்க வண்டி காப்பி போடுதாட்ட இருக்குது?" என்றவர், மகனிடம், "ஒரு கொடம் தண்ணி சேந்தி ஊத்துடா. பாவம், பச்சைக் கொழந்தை" என்றார். தண்ணீர் வரும்வரை எனக்குக் கட்டுச்சோறும் கிடைத்தது. ஏன் பின்னாலேயே வருகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை.

செங்கப்பள்ளி தாண்டி, பெருந்துறைக்கு இன்னும் மூன்று மைல் இருக்கையில் ஒரு மேட்டில், பெரிய கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இரண்டு மகன்களும் சேர்ந்து திரும்பத் திரும்பச் சுற்றினார்கள். இஞ்சின் இருமக்கூட இல்லை. சத்தம் நின்றது தெரியாமல் எல்லாரும் கொஞ்ச நேரம் கத்தியே பேசிக்கொண்டிருந்தோம். அடங்கிய பிறகுதான் பாவாத்தாள் அழுவது கேட்டது. வெயில் ஏறிவிட்டது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆத்தா என் காரைப் பார்த்தார். பிறகு தன் குடும்பம் மொத்தத்தையும் பார்த்தார். அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வாட்டம். பெரிய வீம்புக்காரர் அல்லவா, என்ன சொல்வாரோ என்று நின்றேன்.

"கண்ணு, நீ உன்ற புருசனைக் கூட்டிக்கிட்டு அந்தக் காருல ஏறு" என்றார் பாவாத்தாளிடம்.

"நீங்க இல்லாம நான் போகமாட்டனுங்கத்தை."

"சின்னஞ்சிறுசுகளை நடு ரோட்டுல உட்டுப்போட்டு நான் எப்புடி வாரது? ஊட்டுக்குப் பெரியவ கடைசியாத்தான் வருவா. உன்னை நேத்தே அனுப்பிருக்கோணும். நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டேன். போ சாமி." என்னிடம் திரும்பினார். "தம்பி, நெருப்புன்னு நான் பேசினதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. உங்க காரு எத்தனை வெரசாப் போவுமோ அத்தனை வெரசாப் போங்க."

போனேன். என் சின்னக் கார் அன்று ஓடிய ஓட்டம் அதைச் செய்தவர்களுக்கே தெரியாது. புருஷன்காரன் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். பின்னாலிருந்து பாவாத்தாள் மெல்லக் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, இன்னுங் கொஞ்சம் வெரசாப் போலாங்களா?"

பெருந்துறையில் பந்தலுக்குள் எல்லாரும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளை இறக்கிவிட்டதும், "வந்துட்டா, வந்துட்டா" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். இணைச்சீர் தொடங்கியது. சூடேறிப் போயிருந்த காரை நன்றாக ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றிய பிறகு, மற்றவர்களைக் கூட்டி வரலாம் என்று நான் காரைத் திருப்பினேன்.

ஊர் எல்லையில் ஒரு காட்சி. நான்கு காளைகள் பூட்டிய ஒரு கார் வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு குடியானவரிடம் ஆத்தா இரண்டு ஜோடி மாட்டை இரவல் வாங்கிக் காரில் கட்டிவிட்டார். உள்ளே மிச்சமிருந்த அத்தனை பேரும் அவரவர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். "ஒருத்தரையும் எறக்கி உடலீங்க தம்பி!" என்று ஆத்தா பெருமையாகக் கையை ஆட்டினார்.

அந்த நேரம் பார்த்து, இழுத்த இழுப்பில் இஞ்சினுக்கு உயிர் வந்துவிட்டது.

பின்னால் இடி இடித்ததும் காளைகள் நான்கும் பறந்தன. அவற்றைத் துரத்திக்கொண்டு கார் பறந்தது. மாட்டுக்காரர் தலைப்பாகை ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாக ஓடினார். பந்தல் தெரு முனையில் கயிறு அறுந்து காளைகள் சோளக்காட்டுக்குள் பாய, கார் மட்டும் நேராகப் பந்தல் வாசலுக்கு வந்து குலுங்கி நின்றது. மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். ஆத்தா இறங்கினார், சேலையை உதறிச் சரி செய்தார், பேரப்பிள்ளைகளை எண்ணினார். அப்புறந்தான் கேட்டார்:

"முகூர்த்தம் ஆயிப்போச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க. சீர்தான் நடக்குது. வாங்க, வாங்க."

ஆத்தா உள்ளே போய், தம்பியின் பக்கத்தில் நிறைந்த நகையோடு உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புழுதி என்று சொன்னார்.

அடுத்த வாரம் எங்கள் கம்பெனிக்கு வந்தார். மேனேஜர் மீசை முழுவதையும் மழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்திருந்தார்.

"அந்தச் சின்னக் காரைக் குடுங்க."

"அப்படி வாங்கோ! கடைசியில பெட்ரோல்தானே ஜெயிச்சுது?"

"யாருங் சொன்னது? குடும்பத்துக்குக் குரூடாயில்தானுங். இது என்ற மருமவளுக்கு. பொறந்த ஊட்டுக்குப் போகோணும்னா இனி அவ யாரையும் கேட்டுக்கிட்டு நிக்கப்படாது. தம்பி, அவளுக்கு ஓட்டறதுக்குச் சொல்லிக் குடுங்க."

கூட வந்த சின்ன மகன் பதறினான். "பொம்பளை காரோட்டுனா ஊரே சிரிக்குமுங்கம்மா."

"சிரிக்கட்டும். ரோட்டோரமா நின்னு சிரிக்கச் சொல்லு. நடுவுல நிக்க வேண்டாம்."

பாவாத்தாள் பத்தே நாளில் என்னைவிட நன்றாக ஓட்டினாள். நான் விற்ற முதல் கார் அதுதான். என் வேலையும் நிலைத்தது.

அதன் பிறகு டவுனுக்கு வரும்போதெல்லாம் ஆத்தா அந்தப் பெரிய காரை எங்கள் கம்பெனி வாசலில் நிறுத்துவார். அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்பதால் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்பார். ஒரு சொல்லும் காதில் விழாது. உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன்: "சாப்பிட்டீங்களா தம்பி?" ஆமாம் என்று தலையை ஆட்டுவேன். சாப்பிடாத நாட்களும் உண்டு. ஆனால் அவர் கேட்டுவிட்டுப் போன பிறகு, பசி அவ்வளவாகத் தெரிந்ததில்லை.