மாப்பிள்ளையின் காதும் வெள்ளை டப்பாவும்

கல்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை

செங்கல்பட்டில் இருக்கும் சிரஞ்சீவி உப்பிலிக்கு, உன் அத்திம்பேர் லக்ஷ்மிநாராயணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அக்கா காமுவும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை; எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தையே பாதி நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

நம் கோதைக்குக் கம்ப்யூட்டரில் விளம்பரப் படம் செய்கிற வேலை என்பது உனக்குத் தெரியும். போட்டோ கிடையாது, இல்லாத சாமானை இருப்பதுபோலவே செய்து காட்ட வேண்டும். இந்த மாதம் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. மூன்று வாரமாக அது பிளாஸ்டிக்காக மாட்டேன் என்கிறது. ஒரு நாள் பீங்கான், ஒரு நாள் சுண்ணாம்புக் கட்டி. "வெளிச்சம் மேல பட்டுத் திரும்பினா போறாதுப்பா, உள்ள நுழைஞ்சு கொஞ்சம் அலைஞ்சு வெளியே வரணும்" என்று சொல்லிக்கொண்டு, செல்போன் டார்ச்சை எண்ணெய் பாட்டில், மாவு டப்பா, என் மூக்குக்கண்ணாடி என்று எல்லாவற்றுக்கும் பின்னால் பிடித்துப் பார்த்தாள், கண்ணாடி என் மூக்கில் இருக்கும்போதே. வேலைதானே என்று விட்டுவிட்டேன், அதுதான் தப்பு. நீ பார்த்துச் சொன்ன திருப்போரூர்ப் பிள்ளை ஜெயந்த் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பெண் பார்க்க வந்தான், ஜன்னலோரம் உட்கார்ந்தான், வெயில் பின்னாலிருந்து அடித்தது, காமு சொஜ்ஜி கொண்டுவந்து வைத்தாள், அந்த அம்மாள் "பாட்டு தெரியுமாம்மா?" என்று கேட்டாள், நம் கோதையோ பிள்ளையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், "கொஞ்சம் அசையாம இருங்கோ" என்று அவன் காதுக்குப் பின்னால் டார்ச்சை அடித்தாள். காது செக்கச்செவேலென்று ஆயிற்று.

"அப்பா, ஓரம் மெலிசு, அதான் பளிச்சுனு இருக்கு. நடுவுல மங்கறது பாருங்கோ. டப்பாவும் இப்படித்தான் இருக்கணும்."

"எங்க புள்ளையோட காது உங்களுக்கு பிளாஸ்டிக் சாமானா?" என்றாள் அந்த அம்மாள். காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பிள்ளை காதைத் தடவிக்கொண்டே அம்மா பின்னால் போனான். அதுதான் எனக்குப் பயம்.

கோதை அன்று சாப்பிடவில்லை. "அவரைக் கேக்காமலே பண்ணிட்டேன்ப்பா" என்று அழுதாள். அழுதபடியே டப்பாவையும் முடித்துவிட்டாள்.

ஆகையால் நீ உடனே திருப்போரூர் போய் மன்னிப்புக் கேட்டு, பெண் வேலையை விட்டுவிடுவாள் என்று நான் வாக்குக் கொடுத்ததாகச் சொல். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

உனக்கும் உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் பெருமாள் ஒரு குறையும் வைக்காமலிருக்கட்டும்.

இப்படிக்கு,
லக்ஷ்மிநாராயணன்

பின்குறிப்பு: கவரில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் பைக் சத்தம். ஜெயந்த், தனியாக. அம்மாவிடம் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு வந்தானாம். செருப்பைக்கூடக் கழற்றாமல், "மாமா, அந்த டப்பா சரியா வந்துதா?" என்று கேட்டான். ஒரு மணி நேரமாக இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். தபால்தலை வீணாக வேண்டாமே என்றுதான் இதை அனுப்புகிறேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று நீ திருப்போரூர்ப் பக்கம் போய்க் காரியத்தைக் கெடுத்துவிடாதே.