பதினாலாவது சுவிட்ச்

"யோவ் பகலவா, மறுபடியும் நின்னுடுச்சுய்யா!"

மின்பேனல் அறைப் பக்கமிருந்து முதலாளி சந்தானகிருஷ்ணன் வாயைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். பூதலூர் நவீன அரிசி ஆலையின் எலக்ட்ரீஷியன் பகலவன், குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

மூட்டை கட்டும் லைன் அசையாமல் நின்றது. மூட்டை அடுக்கும் ரோபோ இருபத்தைந்து கிலோ பொன்னியைத் தூக்கிப் பிடித்தபடி அந்தரத்தில் விறைத்திருந்தது. திரையில் வழக்கமான வாசகம்: பாதுகாப்பு சுவிட்ச் திறந்துள்ளது.

எந்த சுவிட்ச் என்று மட்டும் அது சொல்லாது. ரோபோவின் கூண்டுக் கதவு, அவசரப் பொத்தான்கள், பேனல் கதவுகள் என்று மொத்தம் பதினாலு. ஒன்று திறந்தாலும் லைன் நின்றுவிடும். பகலவன் போய்ப் பார்க்கும்போது பதினாலும் சமர்த்தாக மூடியிருக்கும்.

"தினம் மூணு தடவை நிக்குது. வியாழக்கிழமை நாகூர் பக்கீர் முகம்மது பாய் பார்க்க வர்றார். அவர் முன்னாடி நின்னா ஆர்டர் போச்சு. அப்புறம் மெயின்டனன்ஸை சென்னைக் கம்பெனிக்கு விட்டுடுவேன். நீ வீட்டுக்குப் போகலாம்."

பகலவன் கூண்டுக் கதவு சுவிட்சை மாற்றினான். மறுநாள் லைன் ஐந்து முறை நின்றது.

அவசரப் பொத்தான்களையெல்லாம் புதிதாகப் போட்டான். ஏழு முறை நின்றது.

"நீ ரிப்பேர் பண்றியா, ரிப்பேர் ஆக்குறியா?"

"ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டு வர்றேன் சார்."

"என் ஆலையையே கழிச்சுடாதே!"

புதன் சாயங்காலம் மிச்சமிருந்தது பதினாலாவது சுவிட்ச். பேனலின் பின்கதவு. உள்ளே பிற்காலத் தேவைக்கென்று விட்ட காலி இடம்; அதைத் திறக்க பகலவனுக்கு இதுவரை வேலையே வந்ததில்லை. புது சுவிட்ச் வெள்ளிக்கிழமைதான் வரும். பழசு அதிர்வில் ஆடித்தான் திறந்துகொள்கிறது என்று முடிவுகட்டினான்.

வியாழன் காலை ஸ்டூலைப் போட்டு, கதவில் முதுகை அழுத்தி உட்கார்ந்துவிட்டான்.

பாய் வந்தார். லைன் ஓடியது. பத்தரைக்கு முதலாளி எட்டிப் பார்த்தார்.

"பகலவா, போய் ஒரு டீ குடிச்சுட்டு வா."

"வேணாம் சார்."

பதினோரு மணிக்கு மறுபடி வந்தார். "உன் வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு."

"என் போன் பையிலதானே சார் இருக்கு? அடிக்கலையே."

ஒரு மணிக்கு வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஆலையிலேயே ஏசி இருப்பது அவர் மனைவி மதுரம் உட்காரும் ஆபீஸிலும் இந்தப் பேனலிலும்தான். "சாப்பிடவாவது எந்திரியேன்யா. நான் வேணா சாய்ஞ்சுக்கறேன்."

"நகர்ந்தா நின்னுடும் சார். என் பொழப்பே இந்தக் கதவுலதான் இருக்கு."

முதலாளி கெஞ்சாத குறையாக அவனைப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று மணிவரை லைன் ஒருமுறைகூட நிற்கவில்லை. "மாஷா அல்லாஹ், கடிகாரம் மாதிரி ஓடுதே!" என்று பாய் கையெழுத்துப் போட்டார்.

"சென்னைக் கம்பெனியும் வேணாம், ஒண்ணும் வேணாம். பகலவனே இருக்கட்டும்," என்றார் மதுரம். "பகலவா, அந்தக் கதவுக்கு நல்ல பூட்டா ஒண்ணு போடு. சாவி என்கிட்ட இருக்கட்டும்."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்து, வெறும் வாயை மென்றுகொண்டார்.

பூட்டோடு வந்த பகலவனை, பேனல் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி ராமாயி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பூட்டறதுக்கு முன்னாடி, உள்ள குளுகுளுன்னு இருக்கற கும்பகோணம் வெத்தலையை அம்மா கண்ணுல படாம எடுத்து ஐயாகிட்ட குடுத்துடு தம்பி. பாவம், லைன் நிக்குதேங்கற கவலையிலதான் அவர் அடிக்கடி வந்து இதைத் தொறந்து ஒண்ணு எடுத்துப் போட்டுக்குவாரு."